வாட்டைக் கூட்டினால் போதாது: வேறுவேறு சோலார் பெனல்களை ஒரே பெட்டரிக்குக் கட்டிய அனுபவம்

நான்கு பெனல்கள். 100 வாட்டில் இரண்டு, 250 வாட்டில் ஒன்று, 50 வாட்டில் பழையது ஒன்று. கூட்டினால் 500 வாட். நான்கையும் கூரையில் ஏற்றி, பிளஸ் எல்லாவற்றையும் ஒன்றாக, மைனஸ் எல்லாவற்றையும் ஒன்றாக முறுக்கி, பெட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் 20 அம்பியர் பிடபிள்யூஎம் கொன்ட்ரோலர் ஒன்றில் கொடுத்திருந்தார்கள். பெட்டரி மட்டும் நிறையவே இல்லை. நல்ல வெயிலில் கொஞ்சம் ஏறும், பனிமூட்டம் இறங்கியதும் அப்படியே நின்றுவிடும்.

இடம் இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு மேலே, அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேற்பிரிவு. கோயிலை ஒட்டிய சின்ன மண்டபத்தில் மாலை வகுப்பு நடக்கிறது. புலமைப்பரிசில் எழுதும் சின்னப் பிள்ளைகளும் சாதாரண தரப் பிள்ளைகளும் வருகிறார்கள். லயங்களுக்குக் கரண்ட் இருக்கிறது. ஆனால் காற்றில் ஒரு டர்பண்டைன் மரம் கம்பியில் சாய்ந்தால் எப்போது திரும்ப வரும் என்று சொல்ல முடியாது. கீழே தலவாக்கலையில் அணை கட்டிய மேல் கொத்மலை மின்நிலையம், 150 மெகாவாட், 2012இலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, மேலே பிள்ளைகள் மெழுகுதிரியில் கணக்குப் போடுகிறார்கள் என்பது எனக்கு எப்போதும் உறுத்தும் விஷயம். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு என்று அறிவித்த காலத்தில், பெற்றோர் காசு சேர்த்து முதல் 100 வாட் பெனலை வாங்கினார்கள். அடுத்த வருடம் இன்னொன்று. 250 வாட் பெனல் கொழும்பில் ஒரு வீட்டுக் கூரையிலிருந்து கழற்றியதை யாரோ அன்பளிப்பாகக் கொடுத்தது. 50 வாட், கரண்ட் வருவதற்கு முன் ஒரு வீட்டில் இருந்த சோலார் செட்டின் மிச்சம். நம் பக்கத்தில் பெனல் இப்படித்தான் சேரும், ஒரே நாளில் ஒரே மாதிரி நான்கு வாங்க யாரிடமும் காசு இருப்பதில்லை. அதனால் "எல்லாம் ஒரே மாதிரி வாங்குங்கள்" என்ற புத்திமதி இங்கே உதவாது. கையில் இருப்பதை எப்படிச் சேர்ப்பது என்பதுதான் கேள்வி.

"கடையில 500 வாட் இருக்கு, போதும்னு சொன்னாங்கண்ணே. ஆனா ஆறு பல்பு ரெண்டு மணித்தியாலம் எரியல" என்றார் வகுப்பெடுக்கும் டீச்சர்.

முதலில் அளந்து பார்க்க வேண்டும். கொன்ட்ரோலரிலிருந்து பெனல் வயரைக் கழற்றிவிட்டு, வெயிலில் அந்த இரண்டு முனையிலும் மல்டிமீட்டரை வைத்தேன். எதுவும் இணைக்காத நிலையில் 20 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டியது 14 சொச்சத்தில் நின்றது. கூரைக்கு ஏறிப் பெனல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தால், 100 வாட் பெனல் ஒன்றில் ஒரு பாதி மட்டும் கையை வைக்க முடியாத சூடு. மற்றப் பாதி சாதாரணமாக இருந்தது. சந்தேகம் அங்கேயே விழுந்துவிட்டது.

பெனல்களைத் தனித்தனியாகப் பிரித்தேன். இதில் ஒரு கவனம் வேண்டும். கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது பெனல் வயர்களைக் கோக்கும் எம்சி4 கனெக்டரை இழுத்துப் பிரிக்கக் கூடாது. டீசி கரண்டில் பொறி பிடித்தால் எளிதில் அணையாது, கனெக்டர் உருகிவிடும். முதலில் பெனல்களை உரப்பையால் மூடிவிட்டுப் பிரித்தோம். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து, கண்ணாடியைத் துடைத்து, வோல்ட்டையும் ஷோர்ட் சர்க்கிட் கரண்ட்டையும் அளந்தோம். மீட்டரின் 10 அம்பியர் துளையில் வயரை மாற்றி, பெனலின் இரண்டு முனையையும் சில விநாடி நேரடியாக மீட்டரில் கொடுத்தால் கரண்ட் தெரியும். ஒற்றைப் பெனலுக்கு மட்டும், அதுவும் 10 அம்பியருக்குக் குறைந்ததற்கு மட்டும்தான் இது சரி. பெட்டரியில் இதைச் செய்தால் மீட்டர் மிஞ்சாது.

முதல் 100 வாட் பெனல் 21.6 வோல்ட், 5.4 அம்பியர். 250 வாட், 36.9 வோல்ட், 8.1 அம்பியர். பழைய 50 வாட், 20.8 வோல்ட், 2.6 அம்பியர். சூடான பெனல் 10.7 வோல்ட், ஆனால் கரண்ட் மட்டும் குறையாமல் 5.4 அம்பியர்.

கரண்ட் சரியாக இருந்து வோல்ட் பாதியானால் பின்பக்கப் பெட்டியிலுள்ள பைபாஸ் டயோடை (கரண்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடும் சின்னப் பாகம்) பாருங்கள். வோல்ட் சரியாக இருந்து கரண்ட் குறைந்தால் அழுக்கு, நிழல், அல்லது வயதான செல் (கண்ணாடிக்குள் தெரியும் கட்டங்கள்தான் செல்). இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டே பாதிப் பழுதைக் கண்டுபிடித்துவிடலாம். 36 செல் பெனலில் வழக்கமாக 18 செல்லுக்கு ஒன்றாக இரண்டு டயோட் இருக்கும். நிழல் விழுந்த பாதியைச் சுற்றிக் கரண்ட் போவதற்கு வைத்தது அது. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடிமழையில் பக்கத்தில் மின்னல் விழுந்தால் இந்த டயோட் இரண்டு பக்கமும் ஓட்டமாகிப் போவதுண்டு. அப்போது 18 செல் செத்த மாதிரி ஆகி, மீதி 18 செல்லின் 10.7 வோல்ட்தான் வெளியே வரும்.

ஒரு பெனல் பாதியானால் பாதிதானே நட்டம் என்று நினைப்போம். பரலலில், அதாவது இங்கே போல பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸாகக் கட்டியிருந்தால் கதை வேறு. மற்றப் பெனல்கள் 18 வோல்ட்டில் தள்ள முயலும்போது, இந்த 18 செல்லும் அந்தக் கரண்ட்டை எதிர்ப்பக்கமாக வாங்கிச் சூடாக எரித்துவிடும். நல்ல வெயிலில் மற்ற மூன்றும் சேர்ந்து 16 அம்பியர் தருவதால், இது விழுங்கியது போக மீதி பெட்டரிக்குப் போகும். பனியில் மொத்தமே ஒன்றிரண்டு அம்பியர்தான். அவ்வளவையும் 11 வோல்ட்டிலேயே இது குடித்துவிடும், 12 வோல்ட் பெட்டரிக்கு ஒரு சொட்டும் வராது. பனி இறங்கியதும் சார்ஜ் நின்றதன் காரணம் இதுதான். அந்தப் பெனலைக் கழற்றி வைத்திருந்தாலே மற்றவை நன்றாக வேலை செய்திருக்கும்.

பழுது பார்ப்பது கஷ்டமில்லை. பெனலை மூடி வைத்து, பின்பக்கப் பெட்டியின் மூடியைக் கிளிப்பை நெம்பித் திறந்தேன். டயோடின் ஒரு காலை ஈயத்திலிருந்து விடுவித்து மீட்டரின் டயோட் நிலையில் அளந்தால், நல்லது ஒரு பக்கம் 0.2 அல்லது 0.3 காட்டும், மறுபக்கம் ஒன்றும் காட்டாது. கெட்டது இரண்டு பக்கமும் பூச்சியம். இரண்டையும் மாற்றிவிட்டேன், ஒன்று மின்னலில் போயிருந்தால் மற்றதை நம்ப முடியாது. 10எஸ்கியூ045 என்ற ஷொட்கி டயோட், 10 அம்பியர், 45 வோல்ட், ரேடியோ திருத்தும் கடைகளில் கிடைக்கும். பட்டை போட்ட பக்கம் பிளஸ்ஸை நோக்கி இருக்க வேண்டும். மூடியின் விளிம்பில் சிலிக்கன் வைத்தேன், கீழே தண்ணீர் வடியும் சின்னத் துளையை அடைக்கவில்லை. இந்த ஈரத்தில் உள்ளே பூக்கும் நீர் வெளியேற வழி வேண்டும். மீண்டும் அளந்தபோது 21.4 வோல்ட். ஆனால் டயோடை ரப்பர் மாதிரிக் கலவை ஊற்றி மூடிய பெட்டிகளும் உண்டு, அவற்றைத் திறந்து பார்ப்பதில் பயனில்லை.

சரி, நான்கும் நல்ல பெனலாகிவிட்டன. இனி எப்படிச் சேர்ப்பது?

பெனலின் பின்னால் ஒட்டியிருக்கும் தாளில் வாட்டைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறோம். இணைப்பதற்குத் தேவையானது அதற்குக் கீழே உள்ளது. விஎம்பி என்பது வேலை செய்யும்போது பெனலுக்கு உகந்த வோல்ட், ஐஎம்பி அப்போது ஓடும் கரண்ட். விஓசி ஒன்றும் இணைக்காதபோது உள்ள வோல்ட். எங்கள் 100 வாட் பெனலுக்கு 18 வோல்ட், 5.6 அம்பியர். 250 வாட் பெனலுக்கு 60 செல், 30 வோல்ட், 8.3 அம்பியர். 50 வாட்டில் தாள் உரிந்து போயிருந்தது. செல்லை எண்ணினேன், 36. ஒரு செல்லுக்கு வேலை நேரத்தில் அரை வோல்ட் என்று வைத்தால் 18 வோல்ட் பெனல்தான், அளந்த 20.8உம் அதையே சொல்கிறது. புதிய பெனல்களில் பாதியாக வெட்டிய செல்கள் இருப்பதால் 120, 144 என்று எண்ணிக்கை வரும், அங்கே இரண்டால் வகுத்துக்கொள்ள வேண்டும்.

சீரீஸில், அதாவது ஒன்றின் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸில் கோத்துக் கட்டினால் வோல்ட் கூடும், கரண்ட் ஒன்றாகவே இருக்கும். ஒற்றையடிப் பாதையில் கொழுந்து மூட்டையோடு வரிசையாகப் போகும்போது முன்னால் போகிறவர் மெதுவாக நடந்தால் பின்னால் வருபவரும் மெதுவாகத்தான் நடக்க வேண்டும், அதுபோல் கரண்ட் குறைந்த பெனல் மற்றதையும் இழுத்துப் பிடிக்கும். அதனால் சீரீஸில் சேர்ப்பவற்றுக்கு அம்பியர் ஒத்திருக்க வேண்டும். பரலலில் கரண்ட் கூடும், வோல்ட் ஒன்று, ஆகவே அங்கே வோல்ட் ஒத்திருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் வாட் எவ்வளவு என்பது ஒரு பொருட்டே இல்லை. 100 வாட்டும் 50 வாட்டும் பரலலில் சந்தோஷமாக வேலை செய்யும், இரண்டுக்கும் 18 வோல்ட். அதே இரண்டையும் சீரீஸில் போட்டால் 100 வாட் பெனல் பாதியாகிவிடும்.

மூன்று பெரிய பெனலையும் எப்படிச் சேர்த்தால் என்ன கிடைக்கும் என்று கொப்பியில் கணக்குப் போட்டோம், டீச்சரின் சாதாரண தரப் பிள்ளைகளும் சேர்ந்து. மூன்றையும் பரலலில் போட்டால் எல்லாம் 18 வோல்ட்டுக்கு இறங்க வேண்டும். 30 வோல்ட் பெனல் 18இல் நின்று 8.6 அம்பியர் கொடுத்தால் 155 வாட், மற்ற இரண்டும் 200, மொத்தம் 355 வாட் அளவு. மூன்றையும் சீரீஸில் போட்டால் எல்லாம் 5.6 அம்பியருக்கு இறங்கும், ஏறத்தாழ 385 வாட். மூன்றாவது வழி, 100 வாட் இரண்டையும் சீரீஸில் சேர்த்து 36 வோல்ட் ஆக்கி, அந்தச் சோடியை 30 வோல்ட் பெனலோடு பரலலில் போடுவது. 36உம் 30உம் ஒன்றல்ல, ஆனால் நெருக்கம். இரண்டும் 31 வோல்ட் பக்கத்தில் சந்தித்தால் 250 வாட் பெனல் கிட்டத்தட்ட முழுதாகக் கொடுக்கும், சோடி 180 வாட்டுக்குக் குறையாமல் கொடுக்கும். மொத்தம் 425, இருப்பது 450. ஐந்தாறு வீதம்தான் நட்டம். ஒரு காசும் செலவில்லாமல், வயரை மாற்றிப் போடுவதால் மட்டும் 70 வாட் கூடுகிறது. பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

50 வாட் பெனலை இந்தக் கூட்டத்தில் சேர்க்கவே கூடாது. அதன் விஓசி 21 வோல்ட்தான். 31 வோல்ட் ஓடும் பரலலில் போட்டால், டயோட் போன பெனல் செய்த அதே வேலையை நல்ல நிலையில் உள்ள இதுவும் செய்யும், மற்றதன் கரண்ட்டைக் குடித்துச் சூடாகும்.

இப்போது கொன்ட்ரோலர். பிடபிள்யூஎம் வகை பெனலை அப்படியே பெட்டரியில் கோத்துவிடும், பெனலும் பெட்டரியின் 13 வோல்ட்டுக்கு இறங்கி வேலை செய்யும். 30 வோல்ட் பெனலை அதில் போட்டால் 8.5 தர 13, 110 வாட். பாதிக்கு மேல் போய்விட்டது. எம்பிபிடி வகை உகந்த வோல்ட்டைத் தானே தேடிப் பிடித்து, கூடிய வோல்ட்டைக் கூடிய கரண்ட்டாக மாற்றும். நுவரெலியா மாவட்டத்துக் குளிரில் பெனலின் வோல்ட் கீழ்நாட்டில் இருப்பதைவிடக் கூடுவதால், எம்பிபிடிக்குக் கொடுக்கும் காசு கொழும்பைவிட இங்கேதான் பெறுமதி என்பது என் எண்ணம்.

அதே குளிரில் ஆபத்தும் இருக்கிறது. தாளில் உள்ள விஓசி 25 பாகை வெப்பத்துக்குச் சொன்னது. ஒரு பாகை குறைந்தால் அது ஏறத்தாழ 0.3 வீதம் கூடும். ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லில் உறைபனி விழும் இடம் இது. பூச்சியம் பாகைக்குக் கணக்கிட்டால் 7.5 வீதம். எங்கள் சோடியின் 44 வோல்ட் 47 ஆகும், 100 வோல்ட் கொன்ட்ரோலருக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் மூன்றையும் சீரீஸில் போட்டிருந்தால் 81.5 வோல்ட், குளிரில் 87 தாண்டும். 75 வோல்ட் கொன்ட்ரோலர் வாங்கியவர் அதில் கட்டினால் முதல் வெயிலிலேயே போய்விடும். அந்த எல்லை மீறினால் பியூஸ் காப்பாற்றாது.

100 வோல்ட், 30 அம்பியர் எம்பிபிடி ஒன்று வாங்கினோம். 30 அம்பியர் என்பது பெட்டரிப் பக்கத்துக் கணக்கு, 14 வோல்ட்டில் 420 வாட், எங்களுக்குச் சரி. பெட்டரி 150 அம்பியர்-மணி டீப் சைக்கிள் ஈய அமிலம், 30 அம்பியர் அளவுதான் அதற்கு உச்ச எல்லை. பழைய பிடபிள்யூஎம்மை எறியவில்லை. 50 வாட் பெனலை அதில் கொடுத்து, அதே பெட்டரியில் தனி வயரில் கோத்தோம். ஒரே பெட்டரிக்கு இரண்டு கொன்ட்ரோலர் தாராளமாகப் போடலாம், இரண்டிலும் சார்ஜ் வோல்ட் ஒன்றாக இருந்து, ஒவ்வொன்றுக்கும் பெட்டரிக்குப் பக்கத்தில் தனிப் பியூஸ் இருந்தால் போதும். ஒன்றின் பெனல் முனையை மற்றதன் பெனல் முனையோடு மட்டும் தொடக் கூடாது.

வயரும் முக்கியம். கூரையிலிருந்து கொன்ட்ரோலருக்கு 12 மீட்டர், போக வர 24. 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் அதன் தடை 0.074 ஓம். 13.5 அம்பியர் ஓடினால் 1 வோல்ட் விழும், 31இல் அது 3 வீதம். பழைய மாதிரி 18 வோல்ட்டில் 20 அம்பியர் ஓட்டியிருந்தால் 1.5 வோல்ட், 8 வீதத்துக்கு மேல். பெட்டரிப் பக்கத்துக்கு 16 சதுர மில்லிமீட்டர், ஒன்றரை மீட்டருக்குள், 40 அம்பியர் பியூஸோடு. இணைக்கும்போது பெட்டரி முதலில், பெனல் பிறகு. கழற்றும்போது மாறி. பெட்டரி இல்லாமல் பெனலைக் கொடுத்தால் சில கொன்ட்ரோலர் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று தெரியாமல் குழம்பும், சில போயே விடும்.

பெட்டரியின் வெப்பம் அளக்கும் சின்ன வயரை இங்கே விட்டுவிடாதீர்கள். ஈய அமிலப் பெட்டரிக்கு 14.4 வோல்ட் என்பதும் 25 பாகைக்குத்தான். இந்த மண்டபத்தில் காலையில் 12 பாகை இருக்கும். பாகைக்கு 24 மில்லிவோல்ட் என்று வைத்தால், 14.7 வரை ஏற்றினால்தான் பெட்டரி உண்மையில் நிறையும். மலையில் பெட்டரி சீக்கிரம் செத்துப்போகிறது என்கிறவர்கள் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். லித்தியம் அயர்ன் பொஸ்பேட் பெட்டரி என்றால் இந்தத் திருத்தத்தை நிறுத்திவிட வேண்டும்.

கூரையில் சரிவு 10 பாகை. நாம் 7 பாகை வடக்கில் இருப்பதால் வருடத்தில் சில மாதம் சூரியன் வடக்கிலும் போகும், கூடச் சரிக்கத் தேவையில்லை, மழை அழுக்கைக் கழுவினால் போதும். திசையைத் தெற்கிலிருந்து சற்றுக் கிழக்குக்குத் திருப்பினோம், ஏனென்றால் இங்கே வெயில் காலையில்தான். மத்தியானம் திரும்பினால் பனி. தகரத்தில் ஸ்குரூவை மேட்டில் அடித்து ரப்பர் வொஷர் வைத்தோம், பள்ளத்தில் அடித்தால் ஜூலை மழை உள்ளே வரும். சட்டங்களை ஒரு செம்புக் கம்பியால் கோத்து மண்ணில் இறக்கினோம்.

முதல் நல்ல காலையில் பத்தரை மணிக்குப் பெரிய கொன்ட்ரோலர் 24 அம்பியர் காட்டியது. பின்னேரம் பனி இறங்கியபோது 3. அந்த 3 முன்பு பூச்சியமாக இருந்தது. ஆறு 9 வாட் பல்பும் வகுப்பு முடியும் மட்டும் எரிகின்றன, டெப் சார்ஜுக்கும் மிச்சம் இருக்கிறது.

"அண்ணே, இன்னொருத்தர் 330 வாட் பெனல் தாறேங்கிறாரு. வாங்கலாங்களா?" என்று டீச்சர் கேட்டார். தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். 72 செல், விஎம்பி 37.5 வோல்ட், விஓசி 46. எங்கள் 36 வோல்ட் சோடியோடு நன்றாகப் போகும், வாங்கலாம். ஆனால் அது மூன்றாவது பரலல் கிளை. இரண்டு கிளை வரைக்கும் பியூஸ் இல்லாமல் சமாளிக்கலாம், மூன்று வந்தால் ஒன்றில் பழுது ஏற்பட்டபோது மற்ற இரண்டின் கரண்ட்டும் அதற்குள் பாயும். அதனால் ஒவ்வொரு கிளைக்கும் அதன் தாளில் எழுதியுள்ள அளவைத் தாண்டாத பியூஸ் வேண்டும், எங்கள் 100 வாட் சோடிக்கு 10, மற்ற இரண்டுக்கும் 15 அம்பியர். வெயில் உச்சத்தில் கொன்ட்ரோலர் 30 அம்பியருக்கு மேல் விடாது, அப்போது புதுப் பெனலின் பெரும்பகுதி வீண்தான். பனி நேரத்து 3 அம்பியர் 5 ஆகும், ஜூன் மாதத்தில் வகுப்புக்கு அதுதான் தேவை. கூரையின் கிழக்குப் பக்கம் இடம் அளந்து வைத்திருக்கிறோம்.